ஒரே மரபணு, ஒரே நொதி. ஒரு சோறு உதிர்கிறது, ஒரு சோறு குழைகிறது. ஏன்?

குடமுருட்டி | நவம்பர் 9, காலை 7.10

பன்னிரண்டாம் வகுப்பில் படித்தது இது: டிஎன்ஏவில் எழுத்து மாறினால் அமினோ அமிலம் மாறும், அது மாறினால் புரதம் மாறும், புரதம் மாறினால் குணம் மாறும். இப்போது நெல்லுக்கு வருகிறேன். அரிசி மாவுச்சத்தில் ஒரு வகை அமைலோஸ். அதைச் செய்வது ஒரே நொதி. அதற்கு ஒரே மரபணு, பெயர் வேக்ஸி. அமைலோஸ் கூடினால் சோறு உதிரும், குறைந்தால் குழையும். ஆனால் குழையும் ஜப்பான் ரகங்களில் அந்த நொதியின் வேலையைக் கெடுக்கும்படி அமினோ அமிலம் எதுவும் மாறவில்லை என்று எழுதுகிறார்கள். வரிசை கெடாமல் குணம் எப்படி மாறும்? மாறாது என்பது என் கட்சி. எங்கோ ஒரு மாற்றம் அவர்கள் கண்ணுக்குத் தப்பியிருக்க வேண்டும்.

வெண்ணாறு | நவம்பர் 9, இரவு 9.35

குடமுருட்டி அண்ணே, வரிசை அப்படியே இருந்தும் குணம் மாறும். புரதத்தின் அளவு குறைந்தாலே போதும். உங்கள் சங்கிலியில் டிஎன்ஏவுக்கும் புரதத்துக்கும் நடுவில் நடக்கும் வேலைகள் விட்டுப்போயின. பெரும்பாலான கூத்து அங்கேதான்.

வரிசையாகச் சொல்கிறேன். உட்கருவுக்குள் ஆர்என்ஏ பாலிமரேஸ் மரபணுவை முழுக்கப் படியெடுக்கிறது, வேண்டியது வேண்டாதது இரண்டையும் சேர்த்து. படி வெளிவரும்போதே முன்முனையில் ஒரு தொப்பி ஏறுகிறது. பின்முனையை வெட்டி, ஏ எழுத்தாகவே ஒரு நீண்ட வால் சேர்க்கப்படுகிறது. நடுவிலுள்ள வேண்டாத துண்டுகளை, அதாவது இன்ட்ரான்களை, வெட்டி எறிந்து, வேண்டிய துண்டுகளான எக்ஸான்களை ஒட்டுகிறார்கள். இதையெல்லாம் முடித்த படிதான் தூது ஆர்என்ஏ. அது ஏயுஜி என்ற மூன்றெழுத்தில் தொடங்கி யுஏஏ, யுஏஜி, யுஜிஏ ஆகிய மூன்று நிறுத்தக் குறிகளில் ஒன்றில் முடியும்.

இன்ட்ரான் எங்கே தொடங்குகிறது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? ஏறக்குறைய எல்லா இன்ட்ரானும் ஜிடி என்று தொடங்கி ஏஜி என்று முடியும். யு1 என்ற குட்டி ஆர்என்ஏ தொடக்கத்து எழுத்துகளோடு ஜோடி சேர்ந்து, வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டிக் கொடுக்கிறது. உதிர் சோறு தரும் ரகங்களில் வேக்ஸியின் முதல் இன்ட்ரான் எல்லை ஏஜி-ஜிடி. ஜப்பான் ரகங்களில் அதே இடம் ஏஜி-டிடி. ஒரே எழுத்து, ஜி போய் டி. அந்த எழுத்து எந்த அமினோ அமிலத்துக்கும் குறியீடு இல்லை, வெட்டி எறியப்படும் துண்டின் முதல் எழுத்து அது. ஆனால் யு1 சரியாகப் பிடிக்க முடியாததால் வெட்டு தடுமாறுகிறது. வளரும் மணியிலிருந்து ஆர்என்ஏ எடுத்து ஜெல்லில் ஓட்டினால் தெரியும்: உதிர் ரகத்தில் 2.3 கிலோபேஸ் (ஒரு கிலோபேஸ் ஆயிரம் எழுத்து) பட்டை ஒன்று அழுத்தமாக வரும். டிடி ரகத்தில் அது மெலிந்து, இன்ட்ரான் போகாத 3.3 கிலோபேஸ் பட்டை கூடவே நிற்கும். முதிர்ந்த தூது குறைவு, நொதி குறைவு, அமைலோஸ் குறைவு. உதிர் ரகங்களில் 25 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் அமைலோஸ் இவற்றில் 15 முதல் 20-க்குள் நிற்கும்.

அரசலாறு | நவம்பர் 10, காலை 6.20

ஒரு திருத்தம். "தூது ஆர்என்ஏ ஏயுஜியில் தொடங்கும்" என்றது தவறு. மொழிபெயர்ப்புதான், அதாவது தூதைப் படித்துப் புரதம் கோப்பதுதான், ஏயுஜியில் தொடங்கும். தூது அதற்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடும். தொப்பிக்கும் ஏயுஜிக்கும் நடுவே மொழிபெயர்க்கப்படாத முன்பகுதி ஒன்று உண்டு, நிறுத்தக் குறிக்குப் பிறகு அதேபோல் ஒரு பின்பகுதி. இந்தக் கதைக்கு இது முக்கியம். வேக்ஸியின் முதல் எக்ஸான் முழுக்க அந்த முன்பகுதிதான், ஏயுஜி வருவது இரண்டாம் எக்ஸானில். ஆக நீங்கள் சொன்ன முதல் இன்ட்ரான் ஏயுஜிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

குடமுருட்டி | நவம்பர் 10, காலை 8.00

அப்படியானால் எனக்கு இன்னும் வசதி. ஏயுஜிக்கு முன்னால் குப்பை கிடந்தால் கிடக்கட்டும். புரதம் கோக்கும் ரைபோசோம் அதைத் தாண்டிப் போய் ஏயுஜியில் வேலையைத் தொடங்கலாமே?

வெண்ணாறு | நவம்பர் 10, இரவு 10.15

அரசலாறு அக்கா சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். "முடியும்" என்று எழுதியதும் பிழைதான். நிறுத்தக் குறியோடு முடிவது புரதம், தூது அல்ல.

அண்ணன் கேட்டதற்கு வருகிறேன். நெல் போன்ற உட்கரு உயிர்களில் ரைபோசோமின் சிறு பகுதி ஏயுஜியைக் குறிபார்த்து வந்து இறங்குவதில்லை. தொப்பியில் ஏறி, அங்கிருந்து ஒவ்வொரு எழுத்தாக நடந்து, முதலில் எதிர்ப்படும் தோதான ஏயுஜியில் உட்காரும். வழியில் ஆயிரம் எழுத்துக்கு மேல் இன்ட்ரான் கிடந்தால் அதற்குள் தற்செயலாக வரும் ஏயுஜிகளும் எதிர்ப்படும். அங்கே உட்கார்ந்தால் தவறான சட்டகத்தில் (எழுத்துகளை மூன்று மூன்றாகப் பிரிக்கும் வரிசையில்) ஒரு துண்டுப் புரதத்தைச் செய்துவிட்டு, நிறுத்தக் குறி வந்ததும் இறங்கிவிடும். உண்மையான ஏயுஜி வரை போய்ச் சேருவது சிலதே. இது ஒரு பாதி. மறுபாதி இன்னும் எளியது: இன்ட்ரான் ஒட்டியிருக்கும் படிகளை உட்கரு பொதுவாக வெளியே விடுவதில்லை. ரைபோசோம்கள் இருப்பதோ வெளியே.

வெளியே வந்த நல்ல தூதின் கணக்கைப் பாருங்கள். இந்த நொதி 609 அமினோ அமில நீளம். உட்கரு உயிர்களில் ரைபோசோம் நொடிக்கு ஐந்தாறு அமினோ அமிலம் கோக்கும், ஆக ஒரு மூலக்கூறுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். ஒரே தூதின் மேல் பல ரைபோசோம்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதால் சரக்கு தொடர்ந்து வரும். செய்து முடித்ததும் வேலை ஆரம்பமாவதில்லை. முதல் 77 அமினோ அமிலம் வெறும் முகவரிச் சீட்டு, மாவுச்சத்து சேரும் அமைலோபிளாஸ்டுக்குள் நுழைய. நுழைந்ததும் சீட்டு கத்தரிக்கப்பட்டு 532 மிஞ்சும். அமைலோஸ் கட்டுவது அந்த 532.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். டிடி ரகங்களில் இந்தத் தடுமாற்றம் சூட்டுக்கு ஏற்ப மாறும். மணி முற்றும்போது 18 டிகிரி போன்ற குளிர் இருந்தால் வெட்டு ஓரளவு சரியாக நடந்து அமைலோஸ் ஏறும். 25, 30 டிகிரியில் வெட்டு மோசமாகி அமைலோஸ் இறங்கும். ஜிடி ரகங்களில் இந்த ஆட்டம் பெரிதாக இல்லை. ஆகவே குறுவைச் சோற்றுக்கும் தாளடிச் சோற்றுக்கும் வீட்டில் தெரியும் வேறுபாட்டை முழுக்க இதன் தலையில் கட்டக் கூடாது.

குடமுருட்டி | நவம்பர் 11, காலை 7.25

சரி, கட்சி மாறுகிறேன். ஆனால் ஒட்டரிசி, அதாவது அமைலோஸே இல்லாதது, அதுவும் இதே வெட்டுக் கோளாறுதானா?

வெண்ணாறு | நவம்பர் 11, இரவு 9.00

இல்லை. அதே மரபணு, வேறு படியில் வேறு கோளாறு. பரவலான ஒட்டரிசி வகையில் இரண்டாம் எக்ஸானில் 23 எழுத்து இரட்டிப்பாகிக் கிடக்கிறது. 23 மூன்றால் வகுபடாது, ஏழு மும்மை போக இரண்டு மிச்சம். மூன்று மூன்றாகப் படிக்கும் எழுத்தில் இது என்ன செய்யும் என்பதற்குத் தமிழிலேயே பாருங்கள்:

கடல் மணல் வயல் மலர்

முதல் சொல்லுக்குப் பிறகு "த" ஒன்றை நுழைத்து, மறுபடி மூன்று மூன்றாகப் பிரியுங்கள்:

கடல் தமண ல்வய ல்மல ர்

இடைவெளி செல்லுக்குக் கிடையாது, எண்ணிக்கை மட்டும்தான். நுழைந்த இடத்துக்குப் பிறகு எல்லாம் உளறல். அந்த உளறலில் சீக்கிரமே ஒரு நிறுத்தக் குறி வந்துவிடும். நொதி பாதியிலேயே அறுந்துபோகும். அத்தோடு, நிறுத்தக் குறி வரக்கூடாத இடத்தில் வந்த தூதுகளைத் தேடிச் சிதைக்க ஒரு காவல் ஏற்பாடும் செல்லில் இருக்கிறது. ஆகையால் அமைலோஸ் சுழி.

உங்கள் பாடப்புத்தகச் சங்கிலிக்குப் பொருந்துவதும் இதே மரபணுவில் உண்டு. ஆறாம் எக்ஸானில் ஓர் எழுத்து ஏ-யிலிருந்து சி ஆனால் டைரோசின் இருந்த இடத்தில் செரின் வரும். நொதி முழு நீளம்தான், ஆனால் வேலை மந்தம். அமைலோஸ் நடுத்தரமாக நிற்கும். ஒரே மரபணு, மூன்று கோளாறு: ஒன்று வெட்டில், ஒன்று சட்டகத்தில், ஒன்று அமினோ அமிலத்தில்.

கொள்ளிடம் | நவம்பர் 11, இரவு 9.40

ஆய்வகம் இல்லாமல் பார்க்க வழி உண்டா?

அரசலாறு | நவம்பர் 12, காலை 6.05

அமைலோஸ் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கலாம். மருந்துக்கடை டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டுக்கு இருபது சொட்டுத் தண்ணீர். மணியைக் குறுக்கே பிளேடால் வெட்டி, வெட்டிய முகத்தில் ஒரு சொட்டு. ஒரு நிமிடம் பொறுங்கள். கருநீலமானால் அமைலோஸ் உண்டு. செங்கல் பழுப்பானால் ஒட்டரிசி. கருப்புக் கவுனி போன்றவற்றில் மேல்தோலின் சாயம் கண்ணை ஏமாற்றும், நடுமாவை மட்டும் பாருங்கள். கரைசல் கெட்டியாக இருந்தால் எல்லாமே கறுப்பாகத் தெரியும், பெரும்பாலோர் தவறுவது இதில்தான். புழுங்கல் வேண்டாம், பச்சரிசி எடுங்கள். 18 விழுக்காடா 26 விழுக்காடா என்பது இதில் தெரியாது.

ஜிடியா டிடியா என்று பார்க்க இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து, அந்த எல்லையைப் பிசிஆரில் பெருக்கி, ஏசிசி-1 என்ற வெட்டு நொதியைப் போட வேண்டும். ஜி இருந்தால் வெட்டும், டி இருந்தால் வெட்டாது. நாற்றிலேயே முடிவு தெரிந்துவிடும், கதிர் வரை காத்திருக்க வேண்டாம்.

ஆனால் வெட்டுக் கோளாறையே நேரில் பார்க்க டிஎன்ஏ போதாது, மணியின் ஆர்என்ஏ வேண்டும். பூத்த பத்தாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாளுக்குள் பால்மணியை எடுத்து உடனே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். தாமதமானால் ஆர்என்ஏவை அறுக்கும் நொதிகள் முந்திக்கொள்ளும். இலைக்குப் பழகிய முறையை அப்படியே மணிக்குப் போட்டால் மாவுச்சத்து கஞ்சிபோல் கட்டி, குழாயில் ஆர்என்ஏ எது பசை எது என்று பிரியாது. பீனால், குளோரோபார்ம் கொண்டு கழுவி, லித்தியம் குளோரைடை 2 மோலார் அளவில் சேர்த்து ஓர் இரவு 4 டிகிரியில் வைத்தால் ஆர்என்ஏ அடியில் இறங்கும், மாவுச்சத்தில் பெரும்பகுதி மேலேயே நிற்கும். ஒளி உறிஞ்சலை அளக்கும்போது 260/280 விகிதம் 2-ஐ ஒட்டி இருந்தும் 260/230 ஒன்றுக்குக் கீழ் இருந்தால் பசை போகவில்லை, மறுபடி இறக்குங்கள்.

அடுத்து முக்கியமான பொறி. முதல் எக்ஸானில் ஒரு பிரைமர், அதாவது பெருக்கலைத் தொடங்கும் சிறு துண்டு, இரண்டாம் எக்ஸானில் ஒன்று. வெட்டு நடந்திருந்தால் சிறிய பட்டை, நடக்காவிட்டால் ஏறக்குறைய 1.1 கிலோபேஸ் பெரிய பட்டை. ஆனால் ஆர்என்ஏவில் துளி டிஎன்ஏ கலந்திருந்தாலும் அதே பெரிய பட்டை வரும், ஏனென்றால் டிஎன்ஏவில் இன்ட்ரான் எப்போதும் இருக்கும். டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதி போட்டுச் சுத்தம் செய்யுங்கள். ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் பின்னோக்குப் படியெடுப்பு நொதி சேர்க்காத ஒரு குழாயையும் கூடவே ஓட்டுங்கள். அந்தக் குழாயில் பட்டை வந்தால் மொத்தச் சோதனையும் செல்லாது. மறுபக்கப் பிழையும் உண்டு. நீட்டிப்பு நேரத்தை 30 நொடியில் நிறுத்தினால் பெரிய பட்டை வராமலே போய், கோளாறே இல்லை என்று தோன்றும். பிசிஆர் நொதியான டாக் பாலிமரேஸுக்குக் கிலோபேஸுக்கு ஒரு நிமிடம் கொடுங்கள்.

கொள்ளிடம் | நவம்பர் 19, மாலை 6.30

சம்பா நாற்று நட்ட வயல்களில் இலை நுனி வெளுத்துக் கருகி வருகிறது, பாக்டீரியா இலைக்கருகல். கடைகளில் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்கிளின் கலந்த பொட்டலம் பழக்கத்தில் இருந்தது. இரண்டும் ரைபோசோமைத் தாக்கும் மருந்து என்று படித்தேன். நெல்லுக்கும் ரைபோசோம் இருக்கிறதே, அது ஏன் சாகவில்லை?

வெண்ணாறு | நவம்பர் 19, இரவு 11.10

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். இதற்கு விடை கொடுத்தவர்களில் ஒருவர் உங்கள் ஆற்றங்கரைப் பக்கத்துக்காரர். 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். பாக்டீரிய ரைபோசோமின் சிறு பகுதியான 30எஸ்-இன் அமைப்பை அணு அணுவாக 2000-இல் அவர் குழு வெளியிட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் அதில் எங்கே ஒட்டுகிறது, டெட்ராசைக்கிளின் எங்கே ஒட்டுகிறது என்பதையும் அதே ஆண்டு காட்டியது. 2009-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடு வேதியியல் நோபல்.

30எஸ் என்ன செய்கிறது? கடத்து ஆர்என்ஏ ஒவ்வொன்றும் ஓர் அமினோ அமிலத்தைச் சுமந்து வந்து தன் மூன்று எழுத்தை தூதின் மூன்று எழுத்தோடு பொருத்திப் பார்க்கிறது. பொருந்தியதா என்று சோதிப்பவை 30எஸ்-இன் மூன்று எழுத்துகள்: 1492, 1493-ஆம் இடத்து ஏ இரண்டும், 530-ஆம் இடத்து ஜி ஒன்றும். முதல் இரண்டு ஜோடிகள் சரியான வடிவில் அமைந்தால்தான் அவை மடங்கி வந்து பிடிக்கும். மூன்றாம் எழுத்தில் கொஞ்சம் தளர்வு உண்டு. அதனால்தான் 61 குறியீட்டுக்கு 61 வகைக் கடத்து ஆர்என்ஏ தேவைப்படுவதில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் அந்தப் பகுதியை இறுக்கிப் பிடித்து, பொருந்தாததையும் ஏற்கும் நிலையில் நிறுத்திவிடுகிறது. பாக்டீரியா பிழையான புரதங்களாகவே செய்து சீரழியும். டெட்ராசைக்கிளின் வேறு வேலை செய்கிறது, கடத்து ஆர்என்ஏ வந்து உட்காரும் இடத்தையே அடைக்கிறது.

நெல்லின் சைட்டோபிளாச ரைபோசோம் 80எஸ், அமைப்பு வேறு, மருந்து சரியாக ஒட்டாது. ஆனால் நெல்லுக்குள் இன்னொரு ரைபோசோம் இருக்கிறது. பச்சையக்கணிகம் ஆதியில் பாக்டீரியா வழி வந்தது, அதன் ரைபோசோம் இன்றும் 70எஸ். மருந்து மிஞ்சினால் அங்கேயும் ஒட்டும். ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய புரதங்களில் ஒரு பகுதி அங்கேதான் உருவாகிறது, ஆகவே புது இலை வெளுத்து வரும். மருந்தடித்த பிறகு இளம் இலை மஞ்சளாகவோ வெள்ளையாகவோ வந்தால் நோய் கூடிவிட்டது என்று நினைத்து மறுபடி அடிக்காதீர்கள்.

அந்தப் பொட்டலத்தை நான் விரும்பவில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்குக் கொடுக்கிற மருந்து. ரைபோசோமின் எஸ்12 புரதத்தில் ஒரே ஒரு லைசின் மாறினால் பாக்டீரியா தப்பித்துவிடும். வயல் முழுக்கத் தெளிப்பது அப்படித் தப்பிப்பவற்றைப் பொறுக்கி வளர்ப்பதற்குச் சமம். நாற்று நுனியைக் கிள்ளி நடாதீர்கள், அந்தக் காயம்தான் வாசல். யூரியாவைப் பிரித்துப் போடுங்கள். கருகல் உள்ள வயல் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்ச வேண்டாம்.

வெண்ணாறு | நவம்பர் 20, காலை 5.50

இரவு விட்டது. குடமுருட்டி அண்ணனின் முதல் கேள்விக்கு இதே நோயில் இன்னொரு விடை இருக்கிறது. இந்த பாக்டீரியா தன் புரதம் ஒன்றை நெல் செல்லுக்குள் ஊசிபோல் செலுத்துகிறது. அது உட்கருவுக்குப் போய், சர்க்கரையை வெளியே விடும் ஸ்வீட் மரபணுவின் புரோமோட்டரில், அதாவது படியெடுப்பைத் தொடங்கி வைக்கும் பகுதியில், உட்கார்ந்து படியெடுப்பை முடுக்கிவிடுகிறது. நெல்லே சர்க்கரையை ஊற்றிப் பாக்டீரியாவுக்குச் சோறு போடுகிறது. எக்ஸ்ஏ13 என்ற எதிர்ப்புத் திறனில் மாறியிருப்பது அந்தப் புரோமோட்டர். பாக்டீரியாவின் புரதத்துக்கு உட்கார இடம் இல்லை. ஸ்வீட் புரதத்தின் அமினோ அமிலம் இங்கே பொருட்டே இல்லை, குணம் மாறியது. எக்ஸ்ஏ5 வேறு மாதிரி. படியெடுப்பைத் தொடங்கும் பொதுப் புரதம் ஒன்றில் 39-ஆம் இடத்து வேலின் குளுட்டமேட் ஆகியிருக்கிறது, பாக்டீரியாவின் புரதம் அதைப் பற்ற முடியவில்லை. இந்த இரண்டோடு எக்ஸ்ஏ21 என்ற இன்னொரு எதிர்ப்பு மரபணுவையும் சேர்த்து பிபிடி 5204 என்ற ரகத்துக்குள் கொண்டுவந்ததுதான் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி.

அரசலாறு | நவம்பர் 20, காலை 7.00

"61 வகை தேவைப்படுவதில்லை" சரி. குறியீடு எல்லா உயிருக்கும் ஒன்றே என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: மனித மைட்டோகாண்டிரியாவில் யுஜிஏ நிறுத்தக் குறி அல்ல, டிரிப்டோஃபான். நெல்லின் மைட்டோகாண்டிரியாவில் அப்படி இல்லை, வழக்கமான குறியீடுதான். ஆனால் தாவர மைட்டோகாண்டிரியாவில் சிஜிஜி டிரிப்டோஃபானைக் குறிக்கும் என்று 1980-களில் நம்பினார்கள். 1989-இல்தான் விஷயம் வெளிவந்தது: படியெடுத்த பிறகு ஆர்என்ஏவில் சி எழுத்தை யு-வாக மாற்றுகிறது செல். டிஎன்ஏவில் சிஜிஜி, ரைபோசோம் படிப்பது யுஜிஜி. டிஎன்ஏவை மட்டும் படித்தால் இங்கே புரதத்தைத் தப்பாகவே எழுதுவோம்.

கொள்ளிடம் | நவம்பர் 28, பகல் 12.20

வாய்க்கால் உடைப்பெடுத்து வயல் மூன்று நாளாக முழுகிக் கிடக்கிறது. சிஆர் 1009 சப்1 என்ற ரகம் தாங்கும் என்கிறார்கள். சப்1 என்ன புரதம் செய்கிறது?

வெண்ணாறு | நவம்பர் 28, இரவு 8.45

முதலில் செலவுக் கணக்கு. ஓர் அமினோ அமிலத்தைக் கோக்க நான்கு உயர்சக்திப் பாஸ்பேட் பிணைப்பு செலவு: கடத்து ஆர்என்ஏவில் ஏற்ற இரண்டு, ரைபோசோமுக்குள் கொண்டுவர ஒன்று, ஒரு படி நகர ஒன்று. வேக்ஸி நொதி ஒன்றுக்கே 2,400-க்கு மேல். காற்று இருந்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து முப்பதை ஒட்டி ஏடிபி கிடைக்கும். தண்ணீருக்குள் நொதித்தல் மட்டும், அதில் இரண்டு. ஆகவே முழுகிய செல் முதலில் கைவைப்பது மொழிபெயர்ப்பில்தான். தூதுகள் பெரும்பாலும் ரைபோசோம் இல்லாமல் ஓரமாகக் கிடக்கும். நொதித்தலுக்கு வேண்டிய ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் போன்ற சிலவற்றின் தூதுக்கு மட்டும் ரைபோசோம் ஏறும்.

ஆனால் சாதாரண நெல் இந்த நேரத்தில் மேலே எட்டிப் பார்க்க இலையை நீட்டும். இரண்டு மூன்று நாள் வெள்ளத்தில் அது பிழைக்கும் வழி, பத்து நாள் வெள்ளத்தில் சேமிப்பைத் தின்று சாகும் வழி. சப்1ஏ செய்வது பிற மரபணுக்களின் படியெடுப்பை ஆளும் ஒரு புரதம். செடியை நீளச் செய்யும் ஹார்மோனான ஜிப்பரலினின் சொல்லுக்குத் தடை போட்டு நீட்டலை நிறுத்துகிறது. ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ ரகத்திலிருந்து வந்தது, 2006-இல் அடையாளம் கண்டார்கள். இரண்டு வாரம் வரை தாங்கும், தண்ணீர் தெளிவாக இருந்தால் இன்னும் நல்லது. சப்1 ரகம் வெள்ளத்தில் குட்டையாக நிற்பதைப் பார்த்துப் பயிர் போய்விட்டது என்று உழுதுவிடாதீர்கள். நீர் வடிந்து ஒரு வாரமாவது பொறுத்து, அடித்தண்டை நசுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் துளிர் வரும்.

புரதத்தின் வாழ்நாளும் இதில் சேர்த்தி. இந்தக் குடும்பத்துப் புரதங்கள் பலவற்றில் முன்முனை மெத்தியோனின் நீங்கியதும் சிஸ்டீன் வெளியே தெரியும். ஆக்சிஜன் இருந்தால் அந்தச் சிஸ்டீன் ஆக்சிஜனேற்றமாகி, புரதம் சிதைக்கப்படும். வெள்ளத்தில் ஆக்சிஜன் குறைந்தால் தப்பிக்கும். அவற்றுக்கு அதுவே வெள்ளத்தை அறியும் வழி. சப்1ஏ-விடமும் அதே முன்முனை இருக்கிறது, ஆனால் இந்தச் சிதைப்புக்கு அது சிக்குவதில்லை.

வெண்ணாறு | டிசம்பர் 2, இரவு 9.20

முதல் நாள் கேள்வியிலேயே திருத்த வேண்டியதை எல்லோரும் விட்டுவிட்டோம். "அமைலோஸ் செய்வது ஒரே மரபணு" என்பது மணியின் நடுமாவுக்கும் மகரந்தத்துக்கும்தான் சரி. இலை போன்ற இடங்களில் அதே வேலையை இன்னொரு மரபணு செய்கிறது. ஒட்டரிசிச் செடியின் இலை மாவு அதனால் பாதிக்கப்படாது.

மகரந்தத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஒட்டரிசியையும் ஏடிடி 37 என்ற ரகத்தையும் கலப்பு செய்து வந்த முதல் தலைமுறைச் செடியில், பூ விரியுமுன் காலையில் மகரந்தப் பையை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி, அயோடின் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். ஒவ்வொரு மகரந்தத்திலும் மரபணுவின் ஒரு பிரதிதான் இருக்கும், இரண்டில் ஏதோ ஒன்று. பாதி மணிகள் கருநீலம், பாதி செம்பழுப்பு, கலந்து கிடக்கும்.

குடமுருட்டி | டிசம்பர் 3, காலை 6.40

தை அறுவடை வரை பொறுக்க வேண்டாம் என்கிறீர்கள். எந்தப் பூவை எடுப்பது?

அரசலாறு | டிசம்பர் 3, காலை 7.05

கதிர் வெளியே வந்து அன்றைக்கோ மறுநாளோ விரியப்போகும் பூ. மகரந்தப் பை மஞ்சளாகி, உமிக்குள் பாதி உயரத்தைத் தாண்டியிருக்கும். பச்சையாக இருந்தால் மாவு இன்னும் நிறையவில்லை, எல்லாமே வெளிறித் தெரியும். விரிந்த பூ வேண்டாம், பை காலியாக இருக்கும். எழுபது விழுக்காடு ஆல்கஹாலில் போட்டு வைத்தால் சில நாள் கழித்துக்கூடப் பார்க்கலாம்.